கடைசி ஒன்றேகால் செக்கன்

காலை 7.12. உருக்கு மேசையில் ஆறு இரத்தப் பைகள் வரிசையாகக் கிடந்தன. முதலில் கண்ணில் பட்டது அவற்றில் நாலின் நிறம். சுழற்றி எடுத்த பையின் மேல்பாதி வைக்கோல் மஞ்சளாக இருக்க வேண்டும். இரண்டில் அப்படித்தான் இருந்தது. மற்ற நாலும் ரோஸ். கொழும்பில் வெயிலுக்குக் குடிக்கிற பலூடாவின் அதே ரோஸ்.

மேசைக்கு அந்தப் பக்கம் திலகா நின்றார். கையுறை போட்ட இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார்.

"மெஷின்ல இருந்து தூக்கி வெச்சதோட சரிங்க சேர். பிறகு தொடவே இல்ல. நீங்க வர்ற வரைக்கும் அப்படியே வெச்சிருக்கேன்."

"கையை இறக்குங்கோ. பை ஒண்டும் கடிக்காது."

"இறக்கினா, ஆட்டிட்டேன்னு சொல்லுவாங்க" என்றார் அவர்.

அன்று நான் அங்கே போனது ஒரு கையெழுத்துப் போட. இயந்திரத்தில் பிழை இல்லை என்று எழுதி, கீழே கையெழுத்து. பத்து நிமிட வேலை என்று நினைத்துப் போனேன்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் போன மாதம் வட்ஸ்அப்பில் வந்த ஒரு படம். நான் ஓய்வு பெற்ற பிரிவில் இப்போது வேலை செய்கிற ரமீஸ் அனுப்பியிருந்தார். புதிய இயந்திரம் ஒன்றின் தொடுதிரை. கீழே அவருடைய கேள்வி: "சேர், இதுல பிரேக் பூச்சியத்துல இருந்து ஒம்பது வரைக்கும் ஈக்கி. கம்பனிக்காரன் ஒம்பதுல வச்சிட்டுப் போயிட்டான். எதுல வைக்க?"

ஒரு எண்ணை அனுப்பினால் போதும்தான். ஆனால் அந்த எண் எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லத் தொடங்கினேன். பெருவிரல் வலித்தது. ஆகவே மேசைக்கு வந்துவிட்டேன். வெள்ளவத்தையில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் மூன்றாம் மாடி எங்களுடையது. ரயில் போகும்போது எழுத்துக் கொஞ்சம் ஆடும்.

கொட்டாஞ்சேனையில் பிறந்தேன். பள்ளிக்கூடம் முடிந்ததும் இரண்டு வருடம் ஒரு பத்திரிகையில் ஒப்புநோக்குகிற வேலை. நேரமும் எண்ணும் பெயரும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அங்கே என் பொறுப்பு. மீதியை யாரும் என்னிடம் கேட்கவில்லை. பிறகு தொழில்நுட்ப டிப்ளோமா. அதன்பின் கொழும்பிலுள்ள ஒரு இரத்த வங்கியின் பொறியியல் பிரிவில் முப்பத்தொரு வருடம். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் வருடம் திருகாணிகளைக் கழற்றினேன். இரண்டாம் வருடம் அவற்றைத் திரும்பப் பூட்டினேன். மூன்றாம் வருடம் மிச்சமாகிற திருகாணிகளின் எண்ணிக்கை குறைந்தது.

அந்தப் பிரிவின் தலைவர் ஒரு மலாய்க்காரர். கொம்பனித்தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர். எல்லோரும் துவான் சேர் என்றே கூப்பிட்டோம். அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்டொப்வொட்ச் இருக்கும். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிகளில் நேரம் எடுக்கப் போய்ப் பழகிய பொருள். அதனால் அவர் எல்லாவற்றையும் அளந்தார். லிப்ட் கீழிருந்து நாலாம் மாடிக்கு வர எவ்வளவு, கன்டீனில் ரொட்டி மேசைக்கு வர எவ்வளவு, பணிப்பாளர் "இரண்டு வார்த்தை மட்டும்" என்று சொல்லிவிட்டுப் பேசியது எவ்வளவு. கடைசியாகச் சொன்னதற்கு இருபத்தாறு நிமிடம். அதைக் கூட்டம் முடிந்த கையோடு பணிப்பாளரிடமே சொன்னார்.

பழுதான இயந்திரத்தை அவர் தொடமாட்டார். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்காருவார்.

"கை வைக்க வாணாம்" என்பார். "கை வச்சா அதுக்கு வெக்கம் வந்திரும். ஒழுங்கா ஓடிக் காட்டும். நாம அங்கால போனதும் திரும்ப வேலையக் காட்டும்."

பிறகு மூன்று கேள்வி. எப்போதும் அதே மூன்று, அதே ஒழுங்கு. எப்ப தொடங்கின? அதுக்கு முன்னுக்கு என்ன மாறின? முதல்ல யாரு கண்ட? இந்த மூன்றுக்கும் பதில் வந்தபிறகுதான் திருகாணிச் சாவியை எடுக்க விடுவார். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தொங்குகிற அட்டையில் முதலில் நேரத்தை எழுத வேண்டும். எதையாவது மாற்றினால் முந்தைய எண், பிந்தைய எண் இரண்டையும் எழுத வேண்டும். "சரி பார்க்கப்பட்டது" என்று எழுதினால் அவருக்குக் கோபம் வரும். "யாரு பார்த்தாலும் சரிதான். என்ன பார்த்த?"

இனி இயந்திரம். சென்ரிபியூஜ் என்போம். ஒரு பெரிய சலவை இயந்திரம் போன்ற பெட்டி. உள்ளே நடு அச்சைச் சுற்றி ஆறு வாளிகள் தொங்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பை இரத்தம். சுழலத் தொடங்கியதும் வாளிகள் ராட்டினத்துக் கதிரைகள்போல வெளியே விரிந்து கிடையாகிவிடும். ஏழு நிமிடத்தில் பாரமான செங்குழியங்கள் பையின் அடிக்குப் போய்விடும். மேலே மஞ்சளாகப் பிளாஸ்மா நிற்கும். அதற்குள்தான் பிளேட்லெட் இருக்கும். பையை மெதுவாகத் தூக்கி, ஒரு அழுத்துப் பலகையில் வைத்து, மஞ்சளை மட்டும் வேறு பைக்கு ஏற்ற வேண்டும். இடையில் ஆடினால் சிவப்பு மேலே கலங்கும். கலங்கினால் பலூடா. பலூடாவை நோயாளிக்கு ஏற்ற முடியாது.

நான் சொல்கிற காலம் டெங்குக் காலம். கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் பக்கத்திலிருந்து வார்டுகளுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பிளேட்லெட்டுக்கு ரெலிபோன் நிற்காமல் அடித்தது. அந்த நேரத்தில் ஆறு பையில் நாலு கெட்டுப்போவது சின்ன விஷயம் இல்லை. அப்படி மூன்று கிழமையாக நடந்தது. எல்லாம் இரண்டாம் இலக்க இயந்திரத்தில். அதில் வேலை செய்தவர் திலகா.

திலகா ஹட்டன் பக்கம். கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராகச் சேர்ந்து தகுதிகாண் காலம் முடிய இரண்டு கிழமைதான் இருந்தது. பொறுப்பான டொக்டர் நல்ல மனுஷி, ஆனால் அவசரக்காரி. பைகளைத் தூக்கும்போது திலகாவின் கை ஆடுகிறது என்று அவர் முடிவுக்கு வந்துவிட்டார். சோதித்தும் பார்த்தார். ஒரு நாள் திலகாவை ஒன்றாம் இயந்திரத்துக்கு மாற்றினார். அன்று இரத்தம் குறைவு. இரண்டாம் இயந்திரம் ஓடவே இல்லை. திலகா தூக்கிய பைகள் எல்லாம் மஞ்சள். "பக்கத்தில் நான் நின்றேன், அதனால் கவனமாகத் தூக்கினாள்" என்றார் டொக்டர்.

வெள்ளிக்கிழமை அறிக்கை போக வேண்டும். நிரந்தர நியமனத்துக்குச் சிபாரிசு இல்லை என்று எழுதத் தயாராக இருந்தார். அதற்கு முன் இயந்திரம் சரி என்று பொறியியல் பிரிவின் கடிதம் ஒன்று வேண்டும். அதற்காகத்தான் வியாழக்கிழமை காலை நான் போனேன்.

நான் ஒழுங்கான ஆள். முறைப்படி எல்லாவற்றையும் பார்த்தேன். ஒரு வாளியைக் கையால் தூக்கிக் கிடையாகப் பிடித்து, நடு அச்சிலிருந்து வாளியின் அடிவரை உருக்கு அடிமட்டத்தால் அளந்தேன். இருபத்தைந்து சென்ரிமீற்றர். புதிதாக வருகிறவர்கள் வாளியைத் தொங்கவிட்டு அளப்பார்கள். ஆரை குறைந்து வரும், மற்றக் கணக்கெல்லாம் அதோடு போய்விடும். பிறகு மூடியிலுள்ள சின்னக் கண்ணாடி வழியே மின்னும் விளக்கைப் பிடித்துச் சுழற்சியை எண்ணினேன். நிமிடத்துக்கு இரண்டாயிரம். எழுதியிருந்ததும் இரண்டாயிரம். வெப்பநிலை சரி. வாளிகளின் நிறைகள் சமம். அதிர்வு இல்லை.

மேசையில் கடிதத்தை விரித்துப் பேனையை எடுத்தேன். திலகா கடிதத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேர், ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்கோ."

"நீங்க ஓடுறதத்தான் பாத்தீங்க. நிக்கிறத பாக்கலிங்களே."

"நிக்கிறதில பாக்க என்ன இருக்கு?"

"இருக்குங்க சேர். கடைசியில வாளி பஸ் மாதிரி நிக்குது. ஹோல்ட்டுக்குக் கிட்ட வந்துட்டு டிரைவர் சடக்குனு பிரேக் போடுவான் பாருங்க, நாம முன்னுக்குப் போயி பின்னுக்கு வருவோம். அந்த மாதிரி."

"பஸ்ஸில போறது உங்களுக்குக் கனக்க அனுபவம்போல."

"தெனமும் நின்னுக்கிட்டுத்தான் வாறேன். சீட்டு எங்க கிடைக்குது?"

சிரித்துக்கொண்டுதான் இன்னொரு முறை ஓடவிட்டேன். பைகளில் தண்ணீர் நிரப்பி வைத்தோம். நேரம் முடிந்து இயந்திரம் இறங்கத் தொடங்கியதும் கண்ணாடியில் கண்ணை வைத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை, ஒரு சாம்பல் வளையம் மட்டும். வளையம் உடைந்து வாளிகளாகப் பிரிந்தது. விரிந்திருந்த வாளிகள் கீழே சாயத் தொடங்கின. அப்போது, ஒரு மூச்சு எடுக்கிற நேரத்துக்குள், எல்லாம் நின்றது. ஆறு வாளிகளும் முன்னால் போய்ப் பின்னால் வந்தன. ஹோல்ட்டில் நின்ற பஸ்ஸில் ஆறு பேர்.

நான் கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. அட்டையை எடுத்துப் புரட்டினேன். அதன் பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் கையெழுத்து.

மூன்று கிழமைக்கு முன் ஒரு திங்கட்கிழமை டொக்டர் என்னை நடைபாதையில் மறித்திருந்தார். இரண்டாம் இயந்திரம் ஓடி முடிந்தபின் நிற்பதற்கு ஐந்து நிமிடம் எடுக்கிறது, இந்த நெருக்கடியில் ஐந்து நிமிடம் பெரிது, ஏதாவது செய்ய முடியாதா என்று கேட்டார். ஒன்றாம் இயந்திரத்தில் பிரேக்கைத் தொழிற்சாலையிலேயே பூட்டிவிட்டிருந்தார்கள். இரண்டாவதில் முன்பலகையைக் கழற்றினால் உள்ளே ஒரு குமிழ், பூச்சியத்திலிருந்து ஒன்பது வரை. அது இரண்டில் இருந்தது. நான் ஒன்பதுக்குத் திருகினேன். நாற்பது செக்கனில் நின்றது. டொக்டருக்குச் சந்தோஷம். எனக்கும்தான்.

கண்மூடித்தனமாகத் திருகவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். கணக்குப் போட்டேன். கணக்குப் போட்டுத்தான் பிழை விட்டேன்.

வட்டத்தில் போகிற எந்தப் பொருளுக்கும் இரண்டு ஆர்முடுகல், அதாவது வேகம் மாறுகிற வீதம், இருக்கும். ஒன்று மையத்தை நோக்கியது, ஆரை வழியானது. கோண வேகத்தின் வர்க்கத்தை ஆரையால் பெருக்கினால் அது வரும். மற்றது வட்டத்தின் தொடலி வழியானது, ஓடுகிற பாதையின் திசையில். வேகம் கூடும்போதும் குறையும்போதும் மட்டும் இருக்கும். கோண வேகம் செக்கனுக்கு எவ்வளவு மாறுகிறது என்று பார்த்து அதை ஆரையால் பெருக்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்து. பைக்குள் இருக்கிற இரத்தம் உணர்வது இரண்டும் சேர்ந்த ஒன்றை.

நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்று என்றால், கோணத்தை அளக்கிற அலகில், செக்கனுக்கு 209 ஆரையன். அதன் வர்க்கத்தைக் கால் மீற்றரால் பெருக்கினால் கிட்டத்தட்டப் பதினோராயிரம். புவியீர்ப்பைப்போல ஆயிரத்து நூறு மடங்கு. இது ஆரை வழியானது. நாற்பது செக்கனில் நிறுத்தினால் செக்கனுக்கு 5.2 ஆரையன் வீதம் வேகம் குறையும். கால் மீற்றரால் பெருக்கினால் 1.3. இது தொடலி வழியானது. பதினோராயிரத்துக்குப் பக்கத்தில் ஒன்று தசம் மூன்று. எட்டாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அட்டையின் பின்பக்கத்தில் அந்த இரண்டு எண்ணையும் எழுதி, கீழே "பொருட்படுத்தத் தேவையில்லை" என்று எழுதியிருந்தேன். முன்பக்கத்தில் துவான் சேர் பார்க்கிற இடத்தில் எழுதியது: "பிரேக் சரி பார்க்கப்பட்டது." இரண்டு, ஒன்பது என்ற எண்களை எழுதவில்லை. டொக்டர் நடைபாதையில் கேட்ட ஒரு சின்ன உதவி, அதற்கு ஏன் இவ்வளவு எழுத்து என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை அதே அட்டையில், அதே கணக்கைக் கடைசியிலிருந்து போட்டேன்.

தொடலி வழியான 1.3 தொடக்கத்திலிருந்து முடிவுவரை 1.3 ஆகவே இருக்கும். பிரேக் ஒரே அளவில்தான் பிடிக்கிறது. ஆரை வழியானது அப்படி இல்லை. அது வேகத்தின் வர்க்கத்தோடு போகிறது. வேகம் பாதியானால் அது காலாகும். நிமிடத்துக்கு அறுபது சுற்றுக்கு வரும்போது அந்தப் பதினோராயிரத்தில் மிஞ்சியிருப்பது 9.9. ஏறக்குறையப் புவியீர்ப்பின் அளவு. வாளி பாதி சாய்ந்து நிற்கும் இடம் அதுதான். நிமிடத்துக்கு இருபத்திரண்டு சுற்றில் ஆரை வழியானதும் தொடலி வழியானதும் சமம். அதற்குக் கீழே பிரேக்தான் பெரியவர். வாளி தொங்கத் தொடங்கினால் ஆரை குறையுமே என்று யாராவது கேட்கலாம். குறையும். ஆனால் இரண்டும் அதே ஆரையால்தான் பெருக்கப்படுகின்றன. ஒன்றாகக் குறையும், ஒப்பீடு மாறாது.

அறுபது சுற்றிலிருந்து பூச்சியத்துக்கு வர எவ்வளவு நேரம்? பிரேக் இரண்டில் இருந்தபோது ஒன்பது செக்கன். ஒன்பதில் வைத்தபின் 1.2 செக்கன். ஏழு நிமிடமாக அடுக்கிய இரத்தத்தை அந்த ஒன்றேகால் செக்கனில் சாய்த்து, பக்கவாட்டில் தள்ளி, நின்ற கணத்தில் தள்ளலைத் திடீரென்று விட்டுவிட்டோம். நன்றாக நிரம்பிய பை குறைவாக ஆடும். அதனால்தான் ஆறில் இரண்டு தப்பியது.

நான் பெரிய எண் இருக்கிற இடத்தில் சின்ன எண்ணை அளந்து பார்த்து, சின்னது என்று விட்டுவிட்டேன். பெரிய எண் வீட்டுக்குப் போனபிறகு என்ன நடக்கும் என்று பார்க்கவில்லை.

திலகா எட்டிப் பார்த்தார். "என்னாங்க சேர், முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்றேன்.

தேநீர் குடிக்கவில்லை. நடைபாதையில் நின்று யோசித்தேன். யோசித்ததை மறைக்கப் போவதில்லை. முன்பலகையைக் கழற்றிக் குமிழை இரண்டுக்குத் திருப்பிவிட்டால் அன்றிலிருந்து பைகள் மஞ்சளாக வரும். "இயந்திரத்தில் பிழை இல்லை" என்று எழுதினால் எழுதுகிற நேரத்தில் அது உண்மை. யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை திலகாவின் அறிக்கை போகும். இரண்டு கிழமையில் கொட்டாஞ்சேனை அறையைக் காலி செய்துகொண்டு ஹட்டன் பஸ்ஸில் ஏறுவார்.

துவான் சேர் தன் அறையில் பாணும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அட்டையை மேசையில் வைத்தேன், பின்பக்கம் மேலே தெரிய. அவர் பார்க்கவில்லை. விரலைத் துடைத்தார்.

"எப்ப தொடங்கின?"

கழிவுப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். "மூண்டு கிழமைக்கு முந்தி. செவ்வாய்க்கிழமை, சேர்."

"அதுக்கு முன்னுக்கு என்ன மாறின?"

"திங்கட்கிழமை பிரேக். இரண்டிலயிருந்து ஒன்பது."

"யாரு மாத்தின?"

இது மூன்று கேள்வியில் இல்லாதது. "நான்தான் சேர்."

அவர் அட்டையை எடுத்து முன்பக்கம் படித்தார். பிறகு பின்பக்கம். பின்பக்கத்தில் நிறைய நேரம் எடுத்தார். ஸ்டொப்வொட்ச் பையில்தான் இருந்தது. அமத்தவில்லை.

"கணக்குச் சரி" என்றார்.

"ஓம் சேர்."

"நேரம்தான் பிழை. ஓடுற நேரத்துக் கணக்க நிக்கிற நேரத்துக்கு எழுதி வச்சிருக்க." கொஞ்சம் பாணைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்தார். "முதல்ல யாரு கண்ட?"

"திலகா."

"அந்தப் புள்ளையோட வேலையத்தானே நாளைக்கு எடுக்கப் போறாங்க?"

"ஓம்."

அவர் எழுந்து கை கழுவினார். முக்காலியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். லிப்டுக்குக் காத்திருக்கவில்லை.

ஆய்வுகூடத்தில் டொக்டர், திலகாவோடு சேர்த்து எங்கள் மூவரையும் பார்த்ததும் கடிதம் வந்துவிட்டது என்று நினைத்துக் கையை நீட்டினார். துவான் சேர் சிங்களத்தில் ஒரே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னார். டொக்டர் நம்பவில்லை. நம்பாதது நியாயம். எண்கள் எழுதிய அட்டையைக் காட்டினேன். எண்களில் அவருக்கு ஆர்வம் இல்லை.

"மேடமே தூக்கிப் பாருங்க" என்றார் துவான் சேர்.

கெட்டுப்போன நாலு பைகளையும் புரட்டிப் புரட்டி மறுபடி கலந்தோம். எப்படியும் கழிவுக்குப் போகிறவை. எதிரெதிர் வாளிகளில் வைத்தோம். பிரேக்கைத் தொடவில்லை, ஒன்பதிலேயே விட்டோம். ஏழு நிமிடம் ஓடி முடிந்ததும் துவான் சேர் முக்காலியில் உட்கார்ந்து பொத்தானை அமத்தினார். "முப்பத்தொம்பது தசம் எட்டு" என்றார்.

டொக்டர் கையுறை போட்டார். மூடியைத் திறந்து இரண்டு கைகளாலும் முதல் பையைத் தூக்கினார். மூச்சைப் பிடித்திருந்தார். அவ்வளவு மெதுவாக ஒரு பையை யாரும் தூக்கி நான் கண்டதில்லை. கோயிலில் கும்பம் தூக்குகிறவர்கூட அதைவிட வேகமாக நடப்பார். மேசையில் வைத்தார். ரோஸ். இரண்டாவது, ரோஸ். மூன்றாவது மஞ்சள். நாலாவது நல்ல கடும் ரோஸ்.

"நான் ஆட்டவே இல்லை" என்றார் டொக்டர், சிங்களத்தில்.

"தெரியும் மேடம்" என்றார் திலகா, அதே சிங்களத்தில்.

துவான் சேர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

பிறகு நான் முன்பலகையைக் கழற்றிக் குமிழை இரண்டுக்குத் திருப்பினேன். அதே பைகள், அதே ஏழு நிமிடம். நிற்க ஐந்து நிமிடம் இரண்டு செக்கன். மூடியைத் திறந்ததும் டொக்டர் ஒதுங்கி நின்று திலகாவைப் பார்த்தார். திலகா பைகளைத் தூக்கி வைத்தார், பிலாக் கொட்டை பொறுக்குகிறவர் மாதிரி, சாதாரண வேகத்தில். நாலும் மஞ்சள்.

டொக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னிடம் திரும்பினார். "நாதன், அன்று நடைபாதையில் கேட்டது நான்தானே?"

"ஓம் மேடம். திருகினது நான்."

"ஏன் எழுதவில்லை?"

"எழுதியிருக்க வேணும்" என்றேன்.

"எழுதியிருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருக்கலாம்" என்றார். "எத்தனை பை?" கழிவுப் பதிவேட்டில் எண் இருந்தது. அவர் அதை எடுத்துத் தானே படித்தார். சத்தமாகப் படிக்கவில்லை.

துவான் சேர் அட்டையையும் பேனையையும் என்னிடம் நீட்டினார். "எழுது. நேரம் முதல்ல."

7.12 என்று தொடங்கினேன். அட்டையில் இடம் போதவில்லை. இன்னொரு அட்டையைக் கோர்த்துத் தொங்கவிட்டோம்.

அதன்பின் ஓய்வு பெறும்வரை பல இயந்திரங்களைப் பார்த்தேன். ஒன்றுக்கும் அது நிற்பதைப் பார்க்காமல் கையெழுத்துப் போடவில்லை. சிலர் சிரித்தார்கள். முழு வேகத்தில் ஓடுகிற இயந்திரத்துக்கு முன் நிற்காமல், எல்லாம் ஓய்கிற நேரத்தில் வந்து கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கிற ஆளைப் பார்த்தால் சிரிப்பு வரத்தான் செய்யும்.

ஆகவே ரமீஸ், இரண்டில் வையும். உம்முடைய இயந்திரத்தில் வாளி பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை, அந்த ஒப்பீட்டில் ஆரை வராது. ஓடவிட்டு, நிற்கிறதைப் பாரும். திரை ஒன்பது என்று காட்டியதையும் நீர் இரண்டாக்கியதையும் அட்டையில் எழுதும். இப்போது அட்டை இல்லாவிட்டால், திரையில் எழுதுகிற இடம் எங்கே என்று கம்பனிக்காரனைக் கேளும்.

டொக்டர் வெள்ளிக்கிழமை அறிக்கையை வேறு விதமாக எழுதினார். துவான் சேரும் ஒன்று எழுதினார், என்னைப் பற்றி. இரண்டுக்கும் தலைமையகத்திலிருந்து பதில் வர ஏழு கிழமை எடுத்தது. பியோன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கடிதப் புத்தகத்தோடு ஆய்வுகூடத்துக்கு வந்தார். நான் அப்போது ஒன்றாம் இயந்திரத்தின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"நாதன் மாத்தையாவுக்கும் ஒண்டு, திலகா மிஸ்ஸுக்கும் ஒண்டு" என்றார்.

திலகாவினுடையது நிரந்தர நியமனக் கடிதம். என்னுடையது எச்சரிக்கைக் கடிதம். புத்தகத்தில் ஒரே பக்கத்தில், அடுத்தடுத்த வரியில், ஒரே பேனையால் கையெழுத்துப் போட்டோம்.